மலையில் இருக்கும் கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் சி என்று ரிப்போர்ட் வந்தால்

கர்ப்பத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நெகட்டிவ், கடைசி வரியில் மட்டும் 'ஆன்டி ஹெச்.சி.வி. ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறதா? ஹெச்.சி.வி. என்றால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நீலகிரியில் பிரசவ வார்டுகளில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காத பெண்களையும், குழந்தை பிறந்து வீட்டுக்குப் போனபிறகு அதே வரியைச் சுத்தமாக மறந்துவிட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. கர்ப்பத்தில் இதற்காகச் செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். பிரசவத்துக்கு அப்புறம் செய்ய வேண்டியதுதான் உங்களையும் பிள்ளையையும் காப்பாற்றப்போகிறது, அந்த நேரம் வரும்போது யாரும் மலையிறங்கிப் போவதில்லை. அதனால் இப்போதே முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தாள் பாதிதான் சொல்கிறது

முதலில் எடுத்தது, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட். உங்கள் உடம்பு எப்போதாவது இந்த வைரஸைச் சந்தித்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும், இப்போது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று சொல்லாது. இந்தக் கிருமி தொற்றியவர்களில் 100க்கு 15 முதல் 45 பேர் வரை எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் தாங்களாகவே அதை விரட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஆயுசுக்கும் 'ரியாக்டிவ்' என்றுதான் வரும். சில சமயம் வைரஸே இல்லாதவருக்கும் தப்பாக ரியாக்டிவ் காட்டுவதுண்டு, கர்ப்பத்தில் அப்படி நடப்பதையும் டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே அடுத்து கேட்க வேண்டியது ஒரே ஒரு டெஸ்ட்: ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ., அதாவது ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோடு. ஆஸ்பத்திரியில் 'பி.சி.ஆர். டெஸ்ட்' என்றும் சொல்வார்கள். தனியார் லேபில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த டெஸ்டும் சரி, பிற்பாடு மருந்தும் சரி, இலவசம். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் திட்டத்தின் பேரைச் சொல்லியே கேளுங்கள். எது இங்கேயே எடுப்பார்கள், எதற்குக் கோவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை அன்றைக்கே தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, 'நாளைக்கு வாங்க' என்று கேட்டுத் திரும்புவது எவ்வளவு கொடுமை என்று தெரியும். ரத்த மாதிரி வேறு ஊர் லேபுக்குப் போனால் முடிவு வரச் சில நாள் ஆகலாம். ரிப்போர்ட் தயாரானதும் போனில் சொல்வார்களா, யார் வந்து வாங்கலாம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

முடிவு 'நாட் டிடெக்டட்' என்று வந்தால் இப்போது உங்கள் ரத்தத்தில் வைரஸ் இல்லை. குழந்தைக்குப் போக அநேகமாக வழியே இல்லை. டாக்டர் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், அவ்வளவுதான்.

'டிடெக்டட்' என்று வந்து பக்கத்தில் லட்சக்கணக்கில் ஓர் எண் இருந்தால் அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். வைரஸ் எண்ணிக்கை அதிகமாக இருப்பதற்கும் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க எல்.எஃப்.டி. எனப்படும் லிவர் டெஸ்ட், பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், வயிற்று ஸ்கேன் எடுப்பார்கள். கூடவே மஞ்சள் காமாலை பி எனப்படும் ஹெபடைடிஸ் பி-யும் ஹெச்.ஐ.வி.யும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவை கூட இருந்தால் கணக்கு மாறும். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு கர்ப்பத்தின் பிற்பாதியில் பலருக்குத் தானாகவே இறங்கி நார்மலுக்கு வந்துவிடும். 'லிவர் டெஸ்ட் நார்மல், நோய் போயிடுச்சு' என்று அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

அக்கம்பக்கம் சொல்லும் கதை வேறு நோயின் கதை

'எங்க ஊர்ல ஒருத்தி கர்ப்பத்துல மஞ்சள் காமாலை வந்து ரெண்டு உசுரும் போச்சு' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஈ. கெட்ட தண்ணீர் மூலம் வருவது, கடைசி மூன்று மாதத்தில் வந்தால் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தானது. ஹெபடைடிஸ் சி அப்படி இல்லை. ரத்தம் மூலம் மட்டுமே பரவும், வந்ததே தெரியாமல் பல வருஷம் உடம்பில் இருக்கும், கல்லீரலைக் கெடுக்க 20, 30 வருஷம்கூட எடுத்துக்கொள்ளும், இந்த ஒன்பது மாதத்தில் திடீரென்று உங்களைச் சாய்த்துவிடுவது மிகமிக அபூர்வம். பேர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. ஆனால் காய்ச்சிய தண்ணீரைக் குடியுங்கள், அது ஈ வராமல் இருக்க.

இன்னொரு குழப்பம் பி-யோடு. பி-க்குத் தடுப்பூசி உண்டு, சி-க்கு இன்னும் கிடையாது. குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் எத்தனையோ தடுப்பூசி தயாரித்திருக்கிறார்களே, இதற்கும் ஒன்று இருக்காதா என்று ஒரு அப்பா கேட்டார். உலகத்திலேயே இல்லை. ஆனால் பி-க்குக் கிடையாத ஒன்று சி-க்கு உண்டு: முழுதாகக் குணமாக்கும் மாத்திரை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கு பி-க்கான எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் அந்தத் தடுப்பூசியைக் கர்ப்பத்திலேயே போட்டுக்கொள்ளலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

குழந்தைக்கு வருமா

இதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ரத்தத்தில் வைரஸ் இருக்கும் 100 தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 5, 6 பேருக்குத் தொற்றுகிறது. தாய்க்கு ஹெச்.ஐ.வி.யும் இருந்தால் இது இரட்டிப்பாகும். மற்ற 94 குழந்தைகளுக்கு வருவதே இல்லை. தொற்றிய குழந்தைகளிலும் ஒரு பகுதிக்கு முதல் சில வருஷங்களில் தானாகவே போய்விடுகிறது, போகாதவர்களுக்கு மூன்று வயதிலிருந்து மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும். இதற்காகக் கருவைக் கலைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், அது அண்டை வீட்டாராக இருந்தாலும் மருந்துக்கடைக்காரராக இருந்தாலும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஹெபடைடிஸ் சி அதற்குக் காரணமே இல்லை.

குழந்தைக்குப் போகாமல் தடுக்கக் கர்ப்பத்திலேயே மாத்திரை சாப்பிடலாமா? இப்போதைக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை. வெளிநாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன, சில நிபுணர்கள் ஒவ்வொருவரின் நிலைமையைப் பார்த்து யோசிக்கலாம் என்கிறார்கள். நம் ஊரில் டாக்டர்கள் பிரசவம் வரை காத்திருக்கத்தான் சொல்வார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் என்று தெரியவந்தவர்கள் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரிபாவிரின் என்ற மருந்து அதில் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, அது கருவுக்குக் கெடுதல். கணவர் சாப்பிட்டாலும் அதே கவனம் வேண்டும்.

எப்படி வந்தது என்று விசாரணை வைக்காதீர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், கணவர்மாரும் மாமியார்மாரும் படிக்கட்டும். ஒரு பெண்ணுக்கு ரியாக்டிவ் என்று வந்ததும் வீட்டில் முதலில் எழும் சந்தேகம் அவள் நடத்தையைப் பற்றியதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். இந்த வைரஸ் ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குப் போவது. ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பலருக்கும் போட்ட காலம் ஒன்று இருந்தது. தானமாக வரும் ரத்தத்தில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2001-ல்தான் வந்தது, அதற்கு முன் சின்னக் குழந்தையாக இருந்தபோது ரத்தம் ஏற்றியிருந்தாலே போதும். பல் பிடுங்கியது, திருவிழாக் கடையில் ஒரே ஊசியில் வரிசையாகப் பச்சை குத்தியது, மூக்குக் குத்தியது, சுத்தமில்லாத பிளேடு, டயாலிசிஸ், எதுவாகவும் இருக்கலாம். உங்களைப் பெற்றபோது உங்கள் அம்மாவுக்கு இருந்திருக்கலாம். கணவன் மனைவிக்குள் உடலுறவில் பரவுவது மிகவும் குறைவு. பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது, கண்டுபிடித்தாலும் சிகிச்சை ஒன்றுதான்.

கணவர் செய்ய வேண்டியது, தானும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்வது. மூத்த குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும். உங்கள் அம்மாவுக்கும் எடுத்தால் நல்லது.

யாரிடம் சொல்வது, யாரிடம் வேண்டாம்

கட்டாயம் தெரிய வேண்டியவர்கள்: பிரசவம் பார்க்கும் டாக்டர், நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டர். தாய் சேய் நல அட்டையில் குறித்து வைக்கச் சொல்லுங்கள், திடீரென்று வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் உதவும். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் பிரசவத்தில் அவர்கள் சிலவற்றைத் தவிர்க்க வேண்டியிருக்கிறது.

எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் பேசுவது இந்தப்பக்கம் கேட்கும். வளைகாப்புக்கு வந்தவர்களுக்கும் மேஸ்திரிக்கும் பக்கத்து வீட்டுக்கும் இது தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வரப்போகிற ஒருவரிடம், கணவரோ அம்மாவோ அக்காவோ, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பயத்தைத் தனியாகச் சுமக்க முடியாது. மாமியாரிடம் சொல்ல வேண்டியிருந்தால் நீளமாக விளக்கப் போகாதீர்கள். 'அத்தை, ரத்தத்துல ஒரு கிருமி இருக்காம், சாப்பாட்டுலயோ தொட்டாலோ ஒட்டாதாம், குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம், டாக்டர் சொன்னாங்க' என்று தமிழிலோ படுகிலோ மலையாளத்திலோ, வீட்டில் எந்தப் பேச்சோ அதில் சொன்னால் போதும். அவர் நம்பவில்லையென்றால் அடுத்த செக்கப்புக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் கேட்க வையுங்கள். நான் பார்த்தவரை அதற்கப்புறம் மாமியார்தான் முதல் துணையாக நிற்பார்.

ஆஸ்பத்திரியிலேயே ஒதுக்கினால்? தனிக் கட்டில், தனித் தட்டு, கட்டில் தலைப்பில் நோயின் பேரை எழுதிய அட்டை, இது எதுவும் தேவையில்லை. கையுறை போடுவதும் ஊசியை ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதும் எல்லா நோயாளிகளுக்கும் செய்ய வேண்டியது. யாராவது வார்டில் சத்தமாக உங்கள் நோயைச் சொன்னால் தலைமை நர்ஸிடமோ மருத்துவ அதிகாரியிடமோ சொல்லுங்கள். பிரசவம் பார்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் எழுதித் தரத் துணிய மாட்டார்கள்.

வீட்டில்

ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே டம்ளரில் டீ குடிக்கலாம், மூத்த பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம், எல்லோருக்கும் நீங்களே சமைக்கலாம், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தலாம். இருமல், தும்மல், கொசுக்கடி எதிலும் பரவாது. ரத்தம் ஒட்டக்கூடிய பொருட்களை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: டூத் பிரஷ், பிளேடு, நகவெட்டி, ஊக்கு. இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் பல நாள் இருக்கக்கூடியது என்பதால், எங்காவது ரத்தம் சிந்தினால் பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைத்துவிடுங்கள். நாப்கினைப் பேப்பரில் சுற்றிப் போடுங்கள்.

தேயிலைக் காட்டுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மழைக்காலத்தில் அட்டை கடித்தால் ரத்தம் சீக்கிரம் நிற்காது என்று உங்களுக்கே தெரியும். அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். கவாத்துக் கத்தி, அரிவாள் கீறினாலும் அப்படியே. கூட வேலை செய்பவர் உதவிக்கு வந்தால் ஒரு பிளாஸ்டிக் கவரையாவது கையில் மாட்டிக்கொண்டு கட்டுப்போடச் சொல்லுங்கள்.

மருந்தும் சாப்பாடும்

மஞ்சள் காமாலை என்ற சொல்லைக் கேட்டதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கொடுப்பவருக்கு உங்கள் மேல் இருக்கும் அன்பு புரிகிறது, ஆனால் அது இந்த வைரஸை ஒழிக்காது. கர்ப்பத்தில், அதுவும் கல்லீரலில் ஏற்கெனவே வைரஸ் இருக்கும்போது, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியமும் 'லிவர் டானிக்'கும் பொடியும் வேண்டவே வேண்டாம். மஞ்சள் சமையலில் போடுவது சரி, மஞ்சள் மாத்திரை, கேப்சூல் என்று விற்பதை வாங்காதீர்கள். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் போடலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரைகள் வேண்டாம். மது ஒரு சொட்டுகூடக் கூடாது, குளிருக்கு என்று கொஞ்சமாகக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருப்பதால் சொல்கிறேன்.

பத்தியம் எதுவும் கிடையாது. எண்ணெய், உப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி குடிக்க வைக்கிறார்கள், கர்ப்பிணிக்கு அது பெரிய கெடுதல். நன்றாகச் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் ஹெபடைடிஸ் சி இருப்பதைச் சொல்லி அளவு சரிதானா என்று கேளுங்கள். அந்த மாத்திரையை டீயோடு போடாதீர்கள், நம் ஊரில் எல்லோரும் செய்வது இதுதான், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஒரு அறிகுறியைக் கவனமாகப் பாருங்கள். ஊட்டிக் குளிரில் மார்கழி, தை மாதங்களில் தோல் வறண்டு அரிப்பது எல்லோருக்கும் இருப்பதுதான். ஆனால் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால் அது குளிரால் அல்ல, பித்தநீர் தேங்குவதால் வருவதாக இருக்கலாம். ஹெபடைடிஸ் சி இருக்கும் கர்ப்பிணிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்தாகலாம், அதனால் எண்ணெய் தேய்த்துச் சமாளிக்காமல் மறுநாளே போய்க் காட்டிப் பித்த அமில டெஸ்ட் கேளுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் பிசுபிசுவென்று போவது, ரத்த வாந்தி, இவை இருந்தால் மறுநாள்கூட வேண்டாம், உடனே 108.

பிரசவத்தை எங்கே, எப்படி

வீட்டுப் பிரசவம் கூடாது, அதில் பேச்சே இல்லை. சிசேரியன் செய்தால் குழந்தைக்குப் போகாது என்று நினைத்து நீங்களாகக் கேட்காதீர்கள், சிசேரியனால் தொற்று குறைவதில்லை. வேறு காரணத்துக்காகத் தேவைப்பட்டால் மட்டும்தான். சுகப் பிரசவத்தில் டாக்டர்கள் கவனிக்க வேண்டியவை: குழந்தையின் தலையில் ஊசி மாதிரி கம்பி மாட்டி இதயத் துடிப்பு பார்ப்பதைத் தவிர்ப்பது, தேவையில்லாமல் கீறல் போடாமல் இருப்பது, பனிக்குடம் உடைந்தபின் நெடுநேரம் விடாமல் இருப்பது.

இந்தக் கடைசிதான் மலைக்காரர்களுக்குச் சிக்கல். நீர் உடைந்து பல மணி நேரம் ஆகும்போது குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆறு மணி நேரம் என்று ஒரு கணக்கும் வைக்கிறார்கள். சமவெளியில் ஆறு மணி நேரம் தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தாலோ, ஆடி மாதத்தில் கூடலூர் பக்கத்திலிருந்து நடுவட்டம் ஏறும் ரோட்டில் மரம் விழுந்தாலோ அது போதாது. அதனால் 37 வாரம் முடிந்ததும், அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தால்கூட, எந்த ஆஸ்பத்திரியில் பிரசவமோ அதற்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டிலோ, டாக்டர் சொன்னால் ஆஸ்பத்திரியிலேயோ தங்கிவிடுங்கள். குன்னூர் லாலி ஆஸ்பத்திரி, கோத்தகிரி, கூடலூர் அரசு ஆஸ்பத்திரி, ஊட்டி, எது என்று முன்கூட்டியே டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். கல்லீரலில் ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது தழும்பேறிக் கல்லீரல் இறுகிப்போன நிலை, என்று சொல்லியிருந்தால் மலையில் வேண்டாம், மயக்க மருந்து டாக்டரும் ரத்த வங்கியும் கல்லீரல் டாக்டரும் ஒரே இடத்தில் இருக்கும் கோவைதான் நல்லது. நீர் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

குழந்தை பிறந்ததும் 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசி உட்பட எல்லாத் தடுப்பூசியும் வழக்கம்போலப் போடலாம்.

தாய்ப்பால் கொடுங்கள்

தாய்ப்பாலில் இது பரவுவதில்லை. சந்தேகமே வேண்டாம், முதல் மணி நேரத்திலேயே கொடுங்கள். காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் அந்தப் பக்கம் ஆறும்வரை நிறுத்தி, பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு, மற்ற பக்கத்தில் கொடுங்கள். குளிர்க்காற்றில் வெடிப்பு சீக்கிரம் வரும், குழந்தை சரியாகக் கவ்வாததும் காரணம். அதனால் முதல் நாளே நர்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பிடிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், பாலூட்டியபின் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலையே காம்பில் தடவிக் காயவிடுங்கள்.

பிரசவத்துக்கு அப்புறம்: இதை விட்டுவிடாதீர்கள்

இப்போது முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். ஹெபடைடிஸ் சி குணமாகும். சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்று இரண்டு மாத்திரைகள், தினமும் ஒருமுறை, 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர். 100க்கு 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறார்கள். 1989-ல்தான் இந்த வைரஸையே அடையாளம் கண்டார்கள், அதற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊசி போட்டு, அதன் பக்கவிளைவில் நோயாளிகள் துவண்டுபோய், கடைசியில் பாதிப் பேருக்குக் குணமாகாமலும் போனது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை வாங்காமல் விடுகிறார்களே என்றுதான் ஆறவில்லை.

விட்டுப்போவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. கைக்குழந்தை, தூக்கமில்லாத ராத்திரி, உடம்பில் நோயின் தொந்தரவு எதுவும் தெரியாது, ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே. தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த மாத்திரைகள் பற்றிப் போதுமான ஆய்வு இல்லாததால் டாக்டரும் சில மாதம் பொறுக்கச் சொல்லலாம். கல்லீரல் நன்றாக இருந்தால் அந்தப் பொறுமையால் கெடுதல் இல்லை. ஆனால் தள்ளிப்போட்டது மறந்துபோகும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இது: உங்கள் சிகிச்சையைக் குழந்தையின் தடுப்பூசித் தேதிகளோடு கட்டிவிடுங்கள், ஏனென்றால் தடுப்பூசிக்கு நம் அம்மாக்கள் யாரும் தவறுவதில்லை.

தடுப்பூசி அட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள். 14 வார ஊசிக்குப் போகும்போது உங்களுக்கு வைரல் லோடு திரும்ப எடுக்க வேண்டும், பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்குத் தானாகவே வைரஸ் போயிருக்கும். குழந்தைக்கும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுக்கலாம், வசதி இருந்தால் அப்போதே டாக்டரிடம் கேளுங்கள். ஒன்பதாம் மாத அம்மை ஊசியின்போது மாத்திரை எப்போது தொடங்குவது என்று முடிவாகியிருக்க வேண்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் ஊசியை 18 மாதம் முடிந்ததும் வைத்துக்கொண்டால் அன்றைக்கே குழந்தைக்கு ஆன்டிபாடி டெஸ்டும் எடுத்துவிடலாம். அதற்கு முன் ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்காதீர்கள். உங்கள் ஆன்டிபாடியே குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கலாம், அதைப் பார்த்துவிட்டு 'குழந்தைக்கும் வந்துடுச்சு' என்று தேவையில்லாமல் இடிந்துபோன வீடுகள் உண்டு. 18 மாதத்தில் நெகட்டிவ் என்றால் குழந்தைக்கு இல்லை. பாசிட்டிவ் என்றால் ஆர்.என்.ஏ. எடுத்துப் பார்த்துக் குழந்தைகள் டாக்டரோடு மூன்று வயது வரை தொடர்பில் இருங்கள்.

மொட்டை அடிக்கும்போதும் காது குத்தும்போதும் புது பிளேடு, புது ஊசி கேட்டு வாங்குங்கள். கோயிலில் அடித்தாலும் அப்படித்தான்.

மாத்திரை தொடங்குமுன் மஞ்சள் காமாலை பி இல்லை என்று உறுதி செய்வார்கள், ஏனென்றால் அது உடம்பில் இருந்தால் இந்த மாத்திரை சாப்பிடும்போது கிளம்பிவிடலாம். வயிற்றெரிச்சல் மாத்திரை, வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள், சிலது ஒத்துக்கொள்ளாது. அந்த மாதங்களில் அடுத்த கர்ப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பால் கொடுக்கும்போது கர்ப்பம் தரிக்காது என்று நம்பியிருக்க வேண்டாம். மாத வாரியாக மாத்திரை கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நீங்களே போக வேண்டுமா, கணவர் வந்து வாங்கலாமா என்று கேளுங்கள். ஒரு நாளும் விடாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று எட்டாவது வாரத்தில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்துக் கடைசியாக ஒரு ஆர்.என்.ஏ. டெஸ்ட். அதில் 'நாட் டிடெக்டட்' என்று வந்தால்தான் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தாளை லேமினேட் செய்து ஆதார் அட்டையோடு வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். ஏனென்றால் அடுத்த கர்ப்பத்திலோ ஏதாவது ஆபரேஷனுக்கு முன்போ ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் மறுபடியும் 'ரியாக்டிவ்' என்றுதான் வரும். அப்போது அந்த லேபில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்குள் இந்தத் தாளை எடுத்து நீட்டி, 'சிகிச்சை முடிஞ்சிடுச்சு, ஆர்.என்.ஏ. பாருங்க' என்று சொல்லுங்கள்.